எட்டாம் எண் பாட்டில்

4 ஆகஸ்ட், திங்கள்

இன்று ஒருவர் ஊறுகாய் பாட்டிலில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். மூடியின் உள்பக்கம் நல்லெண்ணெய் பளபளத்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று சத்தியம் செய்தார். இதில் கிருமி பார்த்தால் உங்கள் வீட்டு மாங்காய்த் தொக்கின் யோக்கியதைதான் தெரியவரும் என்று சொல்லி, நீராவியில் சுத்தம் செய்து காகிதம் சுற்றிவைத்த பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கியதும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அந்தப் பாட்டிலும் போயிற்று. இன்னொன்று கொடுத்து, குளத்தங்கரையில் போய்த்தான் திறக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

ஜமால் பாய் கேட்டுக்கொண்டிருந்தார். இடம் அவருடையது. முன்பக்கம் அவருடைய மீன் தீவனக் கடை, பின்பக்கம் நானும் என் பரிசோதனைக் கூடமும். வருகிறவர்களிடம் கொஞ்சம் சிரித்த முகமாகப் பேசக் கூடாதா தையல்நாயகி என்றார். தண்ணீருக்கு என் முகம் தெரியாது பாய் என்றேன்.

சாயங்காலம் வீரையன் வந்தார். புளியங்குடிக்காட்டில் பக்கிரிசாமி அண்ணனின் மீன் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவர். இந்த வட்டாரத்தில் தண்ணீர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். முழங்கை வரை உள்ளே விட்டு, பாட்டிலை அடியில் திறந்து, அடியிலேயே மூடி, குளத்தின் எண்ணையும் நேரத்தையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொண்டுவருவார். ஐந்தாம் வகுப்புதான் படித்தவர், ஆனால் எண்கள் அச்சடித்ததுபோல் இருக்கும். ஆறு வருடமாக இந்தக் கூடத்தில் என்னிடம் திட்டு வாங்காதவர் அவர் ஒருவர்தான்.

இன்று வெறுங்கையோடு வந்திருந்தார். கெண்டைகள் தலையைத் தூக்கிக்கொண்டு திரிகின்றனவாம், சிலவற்றின் வயிற்றோரம் சிவந்து புண்ணாகிவிட்டதாம். எல்லாக் குளத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றார். வழக்கமாக இரண்டு மூன்று குளத்துக்குத்தான் கொண்டுவருவார். நானே நாளை விடிகாலையில் வருகிறேன் என்றேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

முதல் பேருந்தில் போய் ஐந்தே முக்காலுக்குப் பண்ணையில் இறங்கினேன். குளத்தில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். அப்போது எடுத்தால்தான் குளம் உண்மையைச் சொல்லும்.

வாய்க்காலை ஒட்டி ஒரே வரிசையில் குளங்கள். கஜா புயலில் பறந்துபோன எண் பலகைகளைப் பக்கிரிசாமி அண்ணன் திரும்ப நடவே இல்லை. வீரையன் மேற்குக் கரையில் செத்த மீன்களுக்குக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவரை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று நானே கிழக்கிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு குளத்திலும் தண்ணீர் பிடித்து, ஒட்டுச் சீட்டில் எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை. ஒரு சீட்டுகூட நனையவில்லை.

கிளம்பும்போது வீரையன் வந்தார். கணுக்காலுக்கு மேலே துணி சுற்றியிருந்தது. குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் தகடு கிழித்துவிட்டதாம். இந்தப் புண்ணோடு தண்ணீரில் இறங்க வேண்டாம், உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது என்றேன்.

“நீங்க டெஸ்ட் பாத்துச் சொல்லுங்கம்மா. நீங்க எறங்கலாம்னாதான் எறங்குவேன்” என்றார்.

பத்தரைக்குள் கூடத்துக்கு வந்து, கிருமி வளர்க்கும் தட்டுகள் எல்லாவற்றிலும் தண்ணீரை விதைத்தாயிற்று. பிடித்ததிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. எனக்கு ஐந்துகூட ஆகவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

எட்டாம் எண் பாட்டில் படுமோசம். மதியம் இன்குபேட்டரைத் திறந்தபோது அதன் தட்டு முழுக்க மஞ்சள் புள்ளிகள், எண்ணவே முடியாத அளவுக்கு. ஏரோமோனாஸ். மீனுக்குப் புண் வைப்பது இதுதான். திறந்த காயம் உள்ள மனிதனையும் விடாது. அம்மோனியாவும் மிக அதிகம். அதற்குப் பக்கத்துக் குளம், ஒன்பது, நல்ல தண்ணீர். தட்டில் நான்கே புள்ளிகள். மற்றவை சுமார்.

இரண்டு மணிக்குப் பக்கிரிசாமி அண்ணன் போன் செய்தார். பின்னால் டீசல் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் குளத்து ஏரேட்டர் சக்கரத்தில் பாசி சுற்றி நின்றுவிட்டதாம். ஆள் இறங்கி எடுக்க வேண்டும், இல்லையென்றால் விடிவதற்குள் மீனெல்லாம் மூச்சு முட்டிப் போய்விடும்.

“அந்தம்மா சொல்லாம எறங்க மாட்டேங்கறான் இவன். ஒம்போதுல எறங்கலாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

தட்டு என் கையில்தான் இருந்தது. ஒன்பது சுத்தம், இறங்கலாம் என்றேன். ஆனால் எட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. “மத்ததெல்லாம் பேப்பர்ல அனுப்புங்க” என்று வைத்துவிட்டார். அனுப்பினேன். எட்டை மட்டும் சிவப்பில் போட்டேன்.

கையில் சுத்தமான ரிப்போர்ட் இருக்கும் நாளில் மனசு லேசாகிவிடுகிறது. இங்கே பதிவேட்டில் அழிப்பு மை கிடையாது, அது என் சட்டம். தவறு நேர்ந்தால் ஒரே கோடு, கீழே இருப்பது தெரியும்படி. மேலே சரியானது. பக்கத்தில் கையெழுத்து, தேதி. பதினேழு வருடத்தில் நான் அப்படிக் கோடு போட்டது நான்கே முறை.

7 ஆகஸ்ட், வியாழன்

காலையில் பக்கிரிசாமி அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப். ‘10க்கு ரிசல்ட் வரல.’ இருப்பது ஒன்பது குளம், கேட்பது பத்து ரிசல்ட். ஜமால் பாயிடம் காட்டிச் சிரித்தேன். பண்ணை வைத்திருக்கிறாரே தவிர எண்ணத் தெரியவில்லை என்றேன்.

மதியம் இறால் பண்ணைக்காரர்கள் இருவர் வந்தார்கள். காரத்தன்மை பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்துக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்குப் பக்கிரிசாமி அண்ணனே கடைக்குத் தீவனம் எடுக்க வந்தார். வீரையனுக்குக் காலையிலிருந்து காய்ச்சலாம். கால் தொடை வரை வீங்கி, தோல் கருநீலமாகி, அவர் மனைவி அஞ்சம்மாள் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறாளாம். “சர்க்கரை ஒடம்பு. சொன்னா கேக்க மாட்டான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, தண்ணீர் சுத்தம் என்று நீங்கள் சொன்னதை டாக்டரிடம் சொல்லிவிட்டோம், அதனால் தண்ணீரால் வந்ததில்லை என்று அவர்களுக்குத் தெரியும் என்றார். போகிறபோக்கில், பத்தாம் குளத்து ரிசல்ட்டை மறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு அந்தப் பண்ணையின் பழைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். ஆறு வருடத்துத் தூசி. துடைத்துவிட்டுத் திரும்ப அடுக்கிவைத்தேன்.

இன்று எழுத வேறு எதுவும் இல்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவினேன். கண்ணாடிக் குழாய்கள் நூற்றிருபதையும் அமிலத்தில் ஊறவைத்துத் தேய்த்தேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளையும்.

புதன்கிழமைத் தட்டுகள் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கின்றனவே என்று ஜமால் பாய் கேட்டார். படித்து முடித்த தட்டை அன்றே நீராவியில் கொன்று குப்பையில் போடுவதுதான் என் வழக்கம், அவருக்கு அது தெரியும். மற்ற எட்டுத் தட்டுகளையும் போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மூடியில் 8 என்று எழுதியிருப்பதை.

மூன்று மணிக்கு அஞ்சம்மாள் போன் செய்தாள். அவளை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் மகள் கல்யாணத்தில். மெதுவாகப் பேசுகிறவள்.

“அம்மா, டாக்டரு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. அவரு எறங்குன தண்ணியில ஏதும் இருந்துச்சா?”

எந்தக் குளத்தில் இறங்கினார் என்று கேட்டேன்.

“ஒம்போதுலதாம்மா.”

ஒன்பதாம் எண் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்றேன். அது பொய்யில்லை. ஒன்பது என்று எழுதிய பாட்டிலில் ஒன்றும் இல்லை.

சரிம்மா, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வைத்துவிட்டாள்.

மின்விசிறி இறக்கைகளை இன்னொரு முறை துடைத்தேன்.

9 ஆகஸ்ட், சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதல் பேருந்தில் புளியங்குடிக்காட்டுக்குப் போனேன். தீவனக் கொட்டகையில் ஒரு பெண் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் குளம் எது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“எட்டா? இங்க எட்டே கெடையாதும்மா. மொதலாளிக்கு எட்டு ஆகாது. ஏழு, அதுக்கு அடுத்தது ஒம்போது, கடேசி பத்து.”

கரையில் நடந்து எண்ணினேன். கிழக்கிலிருந்து ஏழு குளங்கள். அதற்கு அடுத்ததில்தான் என் எட்டாம் பாட்டிலைப் பிடித்தேன். அவர்களுக்கு அது ஒன்பது. அதன் நடுவே ஏரேட்டர் சக்கரம் நின்றது. கரையோரம் சேற்றில் ஒரு பெரிய கால் தடம் காய்ந்து கிடந்தது. நான் நல்ல தண்ணீர் என்று சொன்ன ஒன்பதாம் பாட்டில் கடைசிக் குளத்தினுடையது, அவர்களுடைய பத்து. ‘10க்கு ரிசல்ட் வரல’ என்று பக்கிரிசாமி அண்ணன் கேட்டது சரிதான். எண்ணத் தெரியாமல் போனது எனக்குத்தான்.

வீட்டுக்கு எட்டாம் எண் வந்தால் ஏழு-ஏ என்று போட்டுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். எட்டாம் தேதி எதுவும் தொடங்காதவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஒரு குளத்துக்கும் அப்படிச் செய்வார்கள் என்று தோன்றவில்லை. வீரையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் நூறு அடி தூரத்தில்தான் நின்றார்.

தட்டை ஐஸோடு டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்து. மருத்துவமனையில் பத்தரை மணிக்கு வீரையனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். அவர் இறங்கிய குளத்தின் தண்ணீர் இது, இதில் வளர்ந்திருப்பது ஏரோமோனாஸ், நான் எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தண்ணி சுத்தம்னு சொன்னதால நாங்க வேற கிருமிக்கு மருந்து குடுத்திட்டிருக்கோம். அந்த மருந்துக்கு இது அடங்காது. எங்க கல்ச்சர் ரிசல்ட் வர இன்னும் ஒரு நாள் ஆகும்.”

நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னாள். பிறகு எனக்கு இது எப்போது தெரியவந்தது என்று கேட்டாள்.

இன்று காலை என்றேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

11 ஆகஸ்ட், திங்கள்

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்று பக்கிரிசாமி அண்ணன் கடையில் வந்து சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், எந்தப் பாட்டில் எந்தக் குளம் என்று. என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அப்பவே நெனச்சேன். ரிப்போர்ட்ல எட்டுன்னு ஒண்ணு போட்டிருந்தீங்க பாருங்க. வேணாம்னு வெச்ச எட்டு எப்பிடியோ உள்ள வந்துருச்சு” என்றார்.

எட்டு வரவில்லை, நான்தான் வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். அந்தக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது, கயிறு கட்டிப் பலகை நட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இன்றே செய்கிறேன் என்றார்.

அஞ்சம்மாள் டாக்டரிடம் கேட்டாளாம், தண்ணீர் விஷயம் இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று. வாய்ப்பு இருந்திருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாளாம். பக்கிரிசாமி அண்ணன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பாவம், யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

ஜமால் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் மேஜைக்கு வந்து, யாருக்கும் நேர்கிற தவறுதான், நீங்களே போய்ச் சொன்னீர்களே அது பெரிய விஷயம் என்றார். டீ வாங்கிவந்து வைத்தார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பதினொரு பாட்டில்கள் வந்தன. கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் உங்கள் பண்ணையில் எத்தனை குளம், எந்தப் பக்கமிருந்து எண்ணுவீர்கள், எந்த எண்ணை விட்டுவிடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்று பேர் எட்டை விடுகிறார்கள். ஒருவர் பதின்மூன்றை. கண்ணுசாமி பண்ணையில் எண்களே இல்லை, ‘அத்தி மரத்துக் குளம்’, ‘செத்த மாட்டுக் குளம்’ என்று பெயர்தான். பதினேழு வருடமாக இவர்கள் இங்கே வந்துபோகிறார்கள். நான் பாட்டிலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

13 ஆகஸ்ட், புதன்

ஒன்றும் ஓடவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

ஜமால் பாயிடம் லீவு சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனேன். வழியில் சாத்துக்குடி வாங்கினேன். சர்க்கரைக்காரருக்கு ஆகுமா என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

வீரையன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன், பார்த்ததும் அங்கேதான். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார்.

“இவங்கதான் நான் சொன்ன அம்மா. தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து சொல்லலைன்னா நான் போய்ச் சேந்துருப்பேன்.”

எண் மாறிப்போன விஷயம் அவருக்குத் தெரியும். அதற்கும் என்னைத் தேற்றினார். தாம் குழி வெட்டுவதை விட்டுவிட்டு வந்து கூடவே நடந்திருக்க வேண்டுமாம், தப்பு தம்முடையதாம். நான் சாத்துக்குடிப் பையை மேஜையில் வைத்தேன். அது கவிழ்ந்து ஒன்று உருண்டது. குனிந்து எடுத்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நிமிர்ந்தபோது அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், என்னால் முடியவில்லை.

வாசல்வரை அஞ்சம்மாள் கூட வந்தாள். மாடிப்படி இறங்கும் இடத்தில் நின்று அவளிடம் சொன்னேன். எனக்குச் சனிக்கிழமை தெரியவரவில்லை, வியாழன் சாயங்காலமே தெரியும் என்று. வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டபோதும் தெரியும் என்று.

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலேயிருந்து ஒருவர் சக்கர நாற்காலியை இறக்கிக்கொண்டு வந்தார், ஒதுங்கி வழிவிட்டோம். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏன்ம்மா?” என்றாள்.

பதினேழு வருடம் என்று சொன்னேன். நான் இப்படித் தப்புச் செய்ததே இல்லை, அதனால் எனக்கு நம்ப முடியவில்லை, நம்பின பிறகு சொல்ல முடியவில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

“நான் இதை அவருகிட்ட சொல்ல மாட்டேன். ஒங்களைக் கும்புட்டுக்கிட்டுக் கெடக்குறாரு. நீங்க வந்து சொல்லுங்க” என்றாள்.

திரும்பிப் படியேறிப் போய்விட்டாள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை. கூடத்தில் நான் மட்டும். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் தின்றுகொண்டு போகிறார்கள்.

ஏழாம் தேதிக் குறிப்பைத் திருத்துகிறேன். ‘இன்று எழுத வேறு எதுவும் இல்லை’ என்ற வரியின் மேல் ஒரே கோடு போட்டிருக்கிறேன், கீழே இருப்பது தெரியும்படி. சரியானது இது:

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீரையனின் ஆறு வருடச் சீட்டுகளைப் பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒன்று இருந்தது. ஏழு இருந்தது. ஒன்பது இருபத்திரண்டு முறை, பத்து பதினாறு முறை. எட்டு ஒருமுறைகூட இல்லை. ஆறு வருடத்தில் ஒரு குளத்துத் தண்ணீர் மட்டும் ஒருமுறைகூட வராமல் இருக்குமா? அந்தப் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் இறங்கியது எந்தத் தண்ணீர் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பதிவேட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். சர்க்கரையால்தான் என்று பக்கிரிசாமி அண்ணனே சொல்கிறாரே, டாக்டர்கள் மருந்து கொடுக்கத்தான் செய்கிறார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அஞ்சம்மாளே கேட்டாள். ஒன்பது என்ற எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சனிக்கிழமை பண்ணைக்குப் போனதுகூடத் தெரிந்துகொள்வதற்காக இல்லை. எட்டாம் குளம் என்று ஒன்று இருந்துவிடாதா என்று பார்க்கத்தான் போனேன்.

வியாழன் மாலை ஆறு முதல் சனி காலை பத்தரை வரை. நாற்பது மணி, முப்பது நிமிடம்.

எண் மாறியது தவறு. அது யாருக்கும் நேரலாம் என்று ஜமால் பாய் சொன்னது உண்மை. அந்த நாற்பது மணி நேரம் தவறு இல்லை. அதை நான் செய்தேன்.

ஒன்பதாம் தேதிக் குறிப்பில் டாக்டரிடம் ‘இன்று காலை’ என்று சொன்னதாக இருக்கிறது. சொன்னது அப்படித்தான், அதனால் கோடு போடவில்லை. அது பொய் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளை தஞ்சாவூர் போகும்போது அந்த டாக்டரையும் பார்க்க வேண்டும்.

கு. தையல்நாயகி
15.8.2025

வாய்விட்டுச் சொல்லப் போனால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரிகிறது. நாளை இந்த நோட்டையே எடுத்துப் போகிறேன். வீரையன் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

16 ஆகஸ்ட், சனி

படித்தார். நான்காம் தேதியிலிருந்து ஆரம்பித்தார். விரலை வரிக்கு அடியில் வைத்து, உதட்டை அசைத்து, ஒரு வார்த்தை விடாமல். தன்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில், எண்கள் அச்சடித்ததுபோல் இருக்கும் என்ற இடத்தில், லேசாகச் சிரித்தார். ஊறுகாய் பாட்டிலுக்கும் சிரித்தார். எட்டாம் தேதியில் விரல் நின்றது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். அஞ்சம்மாள் கட்டிலின் மறுபக்கம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன், அவர் உட்காரச் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் நோட்டை மூடி, போர்வை தட்டையாக இருந்த இடத்தில் வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம்போதுல இப்ப யாரு எறங்குறா?” என்றார்.

யாரும் இல்லை, கயிறு கட்டியிருக்கிறது, பலகை நட்டாயிற்று என்றேன்.

“மறுபடி டெஸ்ட் எடுத்தீங்களா?”

திங்கட்கிழமை எடுக்கப் போகிறேன் என்றேன்.

“ஆளைக் கூட வெச்சுக்கிட்டு எடுங்க” என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

அவருடைய கை நோட்டின் மேலேயே இருந்தது. திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் இதைக் கூடத்து ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.